இடக்கை முடிச்சு

சாக்கு வந்தால் முதலில் எண்ணுவேன்.
இந்த முறை இருபத்தாறு.
வழக்கு முடிந்த சுருக்குகள். ஒவ்வொன்றிலும்
நீதிமன்றத் துண்டு; துண்டில் தேதி,
காட்டின் பேர், செத்ததா தப்பியதா.
பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் கிளச் கேபிள்,
இரண்டு மட்டும் சைக்கிள் பிரேக்.
ஒன்றில் மயிர் ஒட்டியிருந்தது.
மரையின் மயிர் என்றாள் சிபானா,
வனசீவராசிகள் கந்தோர்ப் பிள்ளை.
ஊதிவிட்டேன்.

வினாகிரியில் இரண்டு நாள் ஊறவேண்டும்.
நாகப்பூச்சு கழராமல் உலையில் வைத்தால்
புகை நெஞ்சைப் பிடிக்கும்.
போன வருசம் அவசரப்பட்டு வைத்தேன்,
நாலு நாள் காய்ச்சல்.
பிறகு கயிறுபோலத் திரித்து, வெண்காரம் தூவி,
மஞ்சள் கடந்து வெள்ளை எட்டும் நேரம்
எடுத்துவிடவேண்டும்.
முதல் அடி அடியல்ல, தட்டல்.
பலமாக விழுந்தால் இழை இழையாய்ப் பிரிந்துவிடும்.
இருபத்தாறு கழுத்துக்கு வைத்தது
உள்ளங்கை நீள இரும்பாகும்.

அசிட்டில் தோய்த்தால் இழைகள் திரும்பி வரும்.
வெல்லாவெளி வாய்க்காலில் காற்று நடந்த மாதிரி, என்று
வாங்குகிறவர்களுக்கு எழுதுகிறார்கள்.
எனக்கு அது கம்பியாகத்தான் தெரியும்.
பிடிக்குப் பாலைமரம்,
ஆனை சாய்த்த காவல் பரணின் கால்.
அடியில் இலக்கம் வெட்டுவேன்: நாற்பதில் ஒன்பது.
நாற்பதுக்கு மேல் செய்யேன் என்று
கையெழுத்து வைத்திருக்கிறேன்.

எட்டாவதை வாங்கினவரின் கடிதத்தை
சிபானா வாசித்துச் சொன்னாள்.
கண்ணாடிப் பெட்டியாம். வெறுங்கை படவிடுவதில்லையாம்,
விரலின் உப்பு இரும்பைத் தின்னுமாம்.
கத்திக்கு அப்படி ஒரு சீவியம்.
எங்கள் குசினியில் சுகிர்தம்
வெங்காயத்தை வெட்டுவதில்லை, நசிக்கிறாள்.

அந்தக் காசில் நாலுபேர் காடு நடக்கிறார்கள்,
கிழமைக்கு மூன்று நாள்,
நவகிரிக் குளத்துக்கு மேற்கே,
முழங்காலுக்கு மேலே எதையும் பாராமல்.

ஒன்பதாவதை உரசிக்கொண்டிருந்த பின்னேரம்
மச்சான் கேதாரன் வந்தான்.
மிச்சத் துண்டுகளைக் கிளறி, ஒன்றை வாசித்து,
சிரித்தான்.
"இது என்ட கம்பிகா."

எனக்கு முதலே தெரியும்.
இடக்கைக்காரன் போட்ட முடிச்சு
மறுபக்கமாகக் கிறுகும்.
தண்டம் முப்பதாயிரம் கட்டினான்,
தங்கச்சி சுகிர்தத்தின் காப்பை அடகு வைத்து.
பன்றி கிண்டின அவன் கச்சான் தோட்டத்தை
நானும் போய்ப் பார்த்தவன். உழுததுபோல் கிடந்தது.
ஏசவில்லை.
பன்றிக்கு வைத்ததில் மரை விழுந்தது;
சுருக்குக்கு ஆள் தெரியாது.

விலை கேட்டான். சொன்னேன்.
கொஞ்ச நேரம் உலையையே பார்த்தான்.
"மரையை இறைச்சியா வித்தாலும் இவ்வளவு வராதே.
கம்பி என்ட. காசு உனக்கா?"
எனக்குக் கூலி மட்டும் என்றேன்.
"மறுகா? வெட்டுமா இது?"
முன்னங்கையை நீட்டினான்.
வைத்து இழுத்தேன். மயிர் சத்தமில்லாமல் போனது.
அந்த இரண்டு விரற்கடை இடம் மட்டும்
குழந்தையின் கையாயிற்று.
தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே
படலையைத் தாண்டிப் போனான்.

ஒன்பதாவது பஞ்சில் சுற்றி அனுப்பியாயிற்று.

இன்றைக்கு அடுத்த சாக்கு. பதினொன்று.
நடக்கிறவர்கள் கழற்றியவை,
துண்டு இல்லை, ஆளும் இல்லை.
பத்தில் துரு.
ஒன்று புதுசு, கிறீஸ்கூடக் காயவில்லை.
முடிச்சு
மறுபக்கமாகக் கிறுகியிருந்தது.

சிபானா கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு,
"தெரிஞ்ச கை ஏதும்?" என்று கேட்டாள்.

குறட்டை எடுத்து முடிச்சை வெட்டினேன்.
நிமிர்ந்த கம்பியை வினாகிரிக்குள் போட்டேன்.
"பத்தாவதுக்கு
இன்னும் பதினைந்து குறையுது"
என்றேன்.